ரிட்டென்டிவ் என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும், முழுமையான வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் வருகிறான். நாகலூர்ப் பக்கம் வீடு. போன மாதம் ஒரு பூச்செடியின் கழுத்தில் கட்டியிருந்த அட்டையைக் கொண்டுவந்தான். ஹைட்ரேஞ்சியா செடி. அட்டையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: மாய்ஸ்ச்சர்-ரிட்டென்டிவ் பட் வெல்-டிரெய்ன்ட் சாயில். ரிட்டென்டிவ் என்ற சொல்லைக் கைப்பேசி அகராதியில் தேடியிருக்கிறான். அது கொடுத்த பொருள் 'நினைவாற்றல் மிக்க'. அதை அப்படியே எடுத்துக்கொண்டு அட்டையின் ஓரத்தில் 'நினைவாற்றல் மிக்க மண்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தான்.

"மண்ணுக்கு எப்படிங்க மிஸ் ஞாபகசக்தி இருக்கும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அகராதி பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னது. நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன்: "உங்க வீட்டுல எந்த மண்ணை நல்ல மண்ணுன்னு சொல்லுவாங்க?" யோசிக்கவே இல்லை. "ஈரம் நிக்கிற மண்ணைத்தாங்க மிஸ்."

அந்தப் பதிலில்தான் இந்தச் சொல் முழுவதும் இருக்கிறது. வகுப்பில் அன்றைக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு மற்ற பிள்ளைகள் கேட்ட சந்தேகங்களையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எழுத்தும் உச்சரிப்பும்

ஆர், ஈ, டி, ஈ, என், டி, ஐ, வி, ஈ. மொத்தம் ஒன்பது எழுத்து. ரி, டென், டிவ் என்று மூன்று அசை. அழுத்தம் நடுவில் இருக்கும் 'டென்' மேல் விழ வேண்டும். நம்மில் பலர் முதல் அசையை நீட்டி 'ரீ' என்கிறோம். வேண்டாம், அது குறில்தான். கடைசி ஈ எழுத்துக்கு ஒலி கிடையாது.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பார்ப்பது

லத்தீனில் தெனெரே என்றால் பிடித்திருத்தல். முன்னால் 'ரே' சேர்ந்தால் ரெதினெரே: போகவிடாமல் பிடித்து வைத்திருத்தல். ரிட்டெய்ன் என்ற வினைச்சொல் இதிலிருந்து வந்தது. அதன் பெயர்ச்சொல் ரிட்டென்ஷன். பெயரடை ரிட்டென்டிவ். வினையில் 'டெய்ன்' என்று ஒலிப்பது மற்ற இரண்டிலும் 'டென்' ஆகிவிடுவதைக் கவனியுங்கள். டிட்டெய்ன், டிட்டென்ஷன், அப்ஸ்டெய்ன், அப்ஸ்டென்ஷன் என்று இதே பழக்கம் வேறு சொற்களிலும் வரும். வாடகைக்கு இருப்பவரைச் சொல்லும் டெனன்ட், பதவிக் காலத்தைச் சொல்லும் டென்யூர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். வீட்டைப் பிடித்திருப்பவர், பதவியைப் பிடித்திருக்கும் காலம் என்று பொருள் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலத்துக்குள் இந்தப் பெயரடை 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரெஞ்சு வழியாக வந்தது. அன்றைய ஐரோப்பிய வைத்தியர்கள் கிரேக்க மருத்துவர் கேலனின் வழியில், உடலுக்கு நான்கு இயற்கைச் சக்திகள் உண்டு என்று சொல்லிவந்தார்கள். உணவை இழுப்பது ஒன்று, தங்க வைப்பது ஒன்று, செரிப்பது ஒன்று, கழிவை வெளியே தள்ளுவது ஒன்று. அதில் தங்க வைக்கும் சக்திக்கு ரிட்டென்டிவ் என்று பெயர். நினைவாற்றல் மட்டும்தான் இந்தச் சொல்லின் பொருள் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். வயிற்றில் சோறு தங்குவதற்கும் இதே சொல்தான்.

கடைசியில் வரும் 'டிவ்' ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது: இது அந்தப் பொருளின் இயல்பு. இன்று ஒரு தடவை பிடித்து வைத்தது என்பதல்ல. பிடித்து வைப்பதே அதன் குணம்.

மூன்றாம் படி: நிற்கும் என்று சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலம், பிடித்து வைத்திருக்கும் பொருளை எழுவாயாக வைத்துப் பேசுகிறது. மண் பிடிக்கிறது, மனம் பிடிக்கிறது, பாத்திரம் பிடிக்கிறது. தமிழில் நாம் பெரும்பாலும் அப்படிப் பேசுவதில்லை. பிடிபட்ட பொருளை எழுவாயாக்கி, அது அங்கே நிற்கிறது என்கிறோம். மண்ணில் ஈரம் நிற்கும். மனசில் பாடம் நிற்கும். சட்டியில் சூடு நிற்கும். துணியில் சாயம் நிற்கும்.

அதனால் ரிட்டென்டிவ் வரும் வாக்கியத்தைப் பார்த்ததும் சொல்லுக்குச் சொல் பெயர்க்க உட்காராதீர்கள். எதில், எது நிற்கிறது என்று கேளுங்கள். விடை கிடைத்துவிட்டால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். 'ஷி ஹேஸ் எ ரிட்டென்டிவ் மெமரி' என்பதை 'அவள் தக்கவைக்கும் நினைவைக் கொண்டிருக்கிறாள்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'ஒரு தடவை கேட்டாலே அவள் மனசில் நிற்கும்' என்பது தமிழ்.

கட்டுரை, பாடப்புத்தகம், விண்ணப்பம் போன்றவற்றில் 'தக்கவைத்துக்கொள்ளும்', 'ஈரப்பிடிப்புள்ள', 'நினைவாற்றல் மிக்க' என்று எழுதுவதில் தவறே இல்லை. முதலில் பொருள் புரியட்டும், எழுத்துச் சொல்லை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காம் படி: எதில் எது நிற்கிறது

இதுதான் பெரிய படி. ஒரே சொல் ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வேலை செய்கிறது. நிதானமாகப் பார்ப்போம்.

மனசு

ஆங்கிலத்தில் இந்தச் சொல் அதிகம் சேர்ந்து வருவது மெமரி, மைண்ட் இரண்டோடும்தான். இங்கே ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. சீக்கிரம் புரிந்துகொள்வது வேறு, புரிந்தது மறக்காமல் இருப்பது வேறு. நம் ஊரில் பிள்ளைகளைக் கற்பூரம், கரி, வாழைமட்டை என்று மூன்றாகச் சொல்வார்கள். அது பற்றிக்கொள்ளும் வேகத்தைச் சொல்வது. ரிட்டென்டிவ் அந்த வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மெதுவாகப் பிடித்து, பிடித்ததை விடாத பிள்ளையும் ரிட்டென்டிவ்தான். என் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. அவர்களை மக்கு என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனசு தாங்காது.

ஒரு முறை கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்பவரை ஏகசந்தக்கிராகி என்பது நம் பழைய வழக்கு. ஒரே நேரத்தில் நூறு பேர் கொடுக்கும் வேலைகளைக் கவனத்தில் வைத்துப் பதில் சொல்லும் சதாவதானத்தை 1907-ல் சென்னையில் நிகழ்த்திக் காட்டினார் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் 'எ ரிமார்க்கப்ளி ரிட்டென்டிவ் மெமரி' என்று தயங்காமல் எழுதலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் என்ன? 13-ஆம் நூற்றாண்டு இலக்கணமான நன்னூல் மாணவர்களை வகைப்படுத்தும்போது, கடைசி வரிசை மாணவனுக்கு இல்லிக்குடத்தை உவமையாக வைக்கிறது. ஓட்டைக் குடம்: எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. ரிட்டென்டிவ் இல்லாத மனதுக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. அதே வரிசையில் நெய்யரியும் வருகிறது. நெய் வடிகட்டும் பன்னாடை. அது நல்ல நெய்யை விட்டுவிட்டு கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பன்னாடையும் ஒரு வகையில் ரிட்டென்டிவ்தான் பாருங்கள்! பிடித்து வைக்கிறது, ஆனால் வேண்டாததை. இந்த ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான், எது நிற்கிறது என்பதைத் தானாகச் சொல்லாது. 'ரிட்டென்டிவ் ஆஃப் டீடெய்ல்ஸ்' என்றால் நுணுக்கங்கள் மறக்காது. 'ரிட்டென்டிவ் ஆஃப் ஓல்ட் க்ரட்ஜஸ்' என்றால் பழைய வன்மம் மறக்காது. ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்ததும் பாராட்டு என்று முடிவு கட்டாமல், அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

மண்

தோட்டக்கலைப் புத்தகங்களிலும் செடி அட்டைகளிலும் வருவது வாட்டர்-ரிட்டென்டிவ், மாய்ஸ்ச்சர்-ரிட்டென்டிவ் என்ற இரண்டும். இதை வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று வகுப்பிலேயே செய்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

அடியில் நாலைந்து ஓட்டை போட்ட மூன்று பிளாஸ்டிக் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆற்று மணல். இரண்டாவதில் வீட்டு வாசலில் இருக்கும் செம்மண். மூன்றாவதில் அதே செம்மண்ணோடு மட்கிய தென்னை நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி கலந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிண்ணம் வையுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் மணல் டம்ளரில், ஊற்றிய கையை எடுப்பதற்குள்ளேயே கீழே ஒழுக ஆரம்பித்துவிட்டது. செம்மண் கொஞ்சம் யோசித்து, அப்புறம் கலங்கலாகச் சொட்டியது. நார்க்கழிவு கலந்த டம்ளர் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு நாலு சொட்டு, அவ்வளவுதான். மறுநாள் மூன்றையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மணல் மேலே உதிர்ந்தது. மூன்றாவது டம்ளரில் விரல் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்குப் பெயர்தான் ரிட்டென்டிவ்.

காரணம் எளிது. மணல் துகள் பெரியது, இடையில் இருக்கும் இடைவெளியும் பெரியது. தண்ணீர் தன் எடையிலேயே இறங்கிவிடும். களிமண்ணில் துகள் மிக நுண்ணியது. அந்தச் சின்ன இடைவெளிகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நார்க்கழிவும் மட்கிய இலையும் பஞ்சு மாதிரி, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உள்ளே வைத்திருக்கும்.

ஆனால் பிடித்து வைப்பதெல்லாம் செடிக்குக் கிடைத்துவிடாது. களிமண் தான் பிடித்த தண்ணீரில் ஒரு பங்கை வேருக்குக் கொடுக்கவே கொடுக்காது, அவ்வளவு இறுக்கம். மண்ணில் ஈரம் தெரிந்தும் செடி வாடுவது இதனால்தான். இன்னொரு பக்கம், தண்ணீர் வடியாமல் தேங்கினால் வேருக்குக் காற்று போகாது, அழுகும். சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்ததிலிருந்து, நிழல் மரமும் அதன் அடியில் உதிர்ந்த இலையுமாகத்தான் இந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த இலை மட்கித்தான் மண்ணுக்கு ஈரப்பிடிப்பு வருகிறது. ஆனால் மிளகின் காலடியில் மழைத் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து கொடியே போய்விடும். அட்டையில் ரிட்டென்டிவ் என்று எழுதிவிட்டு, உடனே 'பட்' (ஆனால்) போட்டு வெல்-டிரெய்ன்ட், அதாவது தண்ணீர் நன்றாக வடியும், என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுச் செடி வாங்காதீர்கள்.

சூடு

ஹீட்-ரிட்டென்டிவ் என்றால் சூடு நிற்கும் பொருள். சேலத்துப் பக்கம் விற்கும் கல்சட்டியைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடையாது. மாக்கல்லைக் குடைந்து செய்த சட்டி. அடுப்பில் வைத்தால் சூடேற நேரம் எடுக்கும். ஆனால் வத்தக்குழம்பு கொதிக்கும்போது அடுப்பை அணைத்துப் பாருங்கள். தீயே இல்லாமல் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் குழம்பு முழுதாகச் சுண்டுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவோம், மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். அலுமினியப் பாத்திரம் சட்டென்று சுடும், சட்டென்று ஆறும். மெதுவாக வாங்கி மெதுவாக விடுவதுதான் ஹீட்-ரிட்டென்டிவ்.

காந்தம்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி. ரிட்டென்டிவிட்டி என்ற பெயர்ச்சொல் இங்கே ஓர் அளவையாகவே வரும். வெளியிலிருந்து கொடுத்த காந்தப் புலத்தை எடுத்துவிட்ட பிறகும் பொருளில் எவ்வளவு காந்தம் மிச்சம் நிற்கிறது என்பதைச் சொல்வது அது.

ஒரு தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையில், ஒரே திசையில் இருபது முப்பது தடவை இழுத்துத் தேயுங்கள். காந்தத்தைத் தூர வைத்துவிட்டு ஊசியைக் குண்டூசிகளின் பக்கம் கொண்டுபோனால் ஒட்டும். ஊசி கடினமான எஃகு, காந்தம் நின்றுவிட்டது. தேனிரும்புத் துண்டு அப்படியல்ல. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தானும் காந்தம், எடுத்தால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். நிலைக்காந்தம் செய்ய ரிட்டென்டிவிட்டி அதிகமாகவும், எளிதில் காந்தம் இழக்காததாகவும் இருக்கும் பொருள் வேண்டும். மின்மாற்றியின் உள்ளகத்துக்கு நேர் எதிர்: நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை போய்வருகிறது, ஒவ்வொரு முறையும் காந்தம் திசை மாற வேண்டும், பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அவ்வளவும் வீண் சூடாகப் போகும். சேலத்தை ஒட்டி நிற்கும் கஞ்சமலையின் இரும்புத் தாதுவே மேக்னடைட் என்ற காந்தத் தாது. காந்தத்தைப் பற்றிப் படிக்க நம் ஊரை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

டைமர்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாணவர் ஒருவர், சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கருவிகளில் ரிட்டென்டிவ் டைமர் என்று ஒன்று உண்டாம். ஒரு மோட்டார் 200 மணி நேரம் ஓடியதும் கிரீஸ் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் ஓடுகிறது. சாதாரண டைமர் ஒவ்வொரு முறை மோட்டாரை அணைக்கும்போதும் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுபோய்விடும், 200 எப்போதுமே வராது. ரிட்டென்டிவ் டைமர் ஆறிலேயே காத்திருந்து, மறுநாள் அந்த ஆறிலிருந்தே தொடரும். நாமாக ரீசெட் கொடுத்தால்தான் அழியும். அதேபோல, கரண்ட் போனாலும் அழியாத நினைவகப் பகுதிக்கு அந்தத் துறையில் ரிட்டென்டிவ் மெமரி என்றே பெயர். ஒரு மனிதரைப் பற்றிச் சொன்ன அதே இரண்டு சொற்கள் இங்கே வேறு பொருளில் வருகின்றன, கவனம்.

இங்கே என்னுடைய 'நிற்கும்' கொஞ்சம் தடுக்கும். டைமர் நிற்கும் என்றால் ஓடாமல் நின்றுபோகும் என்றுதானே காதில் விழும்? இந்த இடத்தில் மட்டும் 'எண்ணிக்கை அழியாமல் தங்கும்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைப்பது

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். 'எ ரிட்டென்டிவ் சாயில்' சரி. 'தி சாயில் இஸ் ரிட்டென்டிவ்' என்பதும் சரி. ஒப்பிட மோர், மோஸ்ட் சேர்க்க வேண்டும்: மோர் ரிட்டென்டிவ், மோஸ்ட் ரிட்டென்டிவ். முன்னால் ஹைலி, ரிமார்க்கப்ளி போன்றவை நன்றாகப் பொருந்தும். வினையடை ரிட்டென்டிவ்லி, குணத்தின் பெயர் ரிட்டென்டிவ்னெஸ். இரண்டும் அபூர்வம். படித்தால் புரிந்தால் போதும்.

பிள்ளைகள் தவறுவது முன்னிடைச்சொல்லில். எது நிற்கிறது என்று சொல்ல 'ஆஃப்' தான் வர வேண்டும்: ரிட்டென்டிவ் ஆஃப் மாய்ஸ்ச்சர், ரிட்டென்டிவ் ஆஃப் ஃபேக்ட்ஸ். 'ஃபார்', 'அபௌட்' கூடாது. நிற்கும் பொருளை முன்னால் வைத்து நடுவில் சிறு கோடு போட்டால் முன்னிடைச்சொல்லே தேவையில்லை: மாய்ஸ்ச்சர்-ரிட்டென்டிவ்.

இன்னொன்று, இது எழுத்து வழக்குச் சொல். பேசும்போது ஆங்கிலேயரும் 'ஹி ஹேஸ் எ வெரி குட் மெமரி' என்றுதான் சொல்வார்கள். கட்டுரையிலும் பரிந்துரைக் கடிதத்திலும் ரிட்டென்டிவ் அழகு. டீக்கடைப் பேச்சில் வேண்டாம்.

ஆறாம் படி: குழப்பும் சொற்கள்

ரிட்டெய்னிங் என்பதுதான் அதிகம் குழப்புகிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு வரும். வழியில் மலைப் பக்கத்து மண் சரியாமல் கருங்கல்லில் கட்டிய சுவர்களைப் பாருங்கள். அதற்கு ரிட்டெய்னிங் வால் என்று பெயர். ரிட்டென்டிவ் வால் என்று சொல்லக் கூடாது. மண்ணைத் தடுத்து நிறுத்துவது அந்தச் சுவருக்குக் கொடுத்த வேலை. ரிட்டென்டிவ் என்பது கொடுத்த வேலையைச் சொல்லாது, குணத்தைச் சொல்லும். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது அந்தச் சுவரில் வரிசையாக இருக்கும் சின்னத் துளைகளையும் பாருங்கள். மழைக்காலத்தில் அதிலிருந்து தண்ணீர் ஒழுகும். மண்ணைப் பிடிக்கும் சுவர் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்தால் பின்னால் அழுத்தம் ஏறிச் சுவரே சாய்ந்துவிடும். எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்து கட்டியிருக்கிறார்கள்.

ரிட்டெய்ன்ட் என்றால் வைத்துக்கொள்ளப்பட்டது. ரிட்டெய்னபிள் என்றால் வைத்துக்கொள்ளத்தக்கது. ரிட்டென்டிவ் மட்டும்தான் வைத்துக்கொள்ளும் பக்கம். பிடிப்பவரா, பிடிபட்டவரா என்று கேட்டாலே இந்த மூன்றும் பிரிந்துவிடும்.

அட்டென்டிவ் காதுக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேர். தெந்தெரே, அதாவது நீட்டுதல், அதிலிருந்து வந்தது. மனதை ஒன்றின் பக்கம் நீட்டுவது அட்டென்டிவ். கவனிப்பவர் அட்டென்டிவ், கவனித்ததை மறக்காதவர் ரிட்டென்டிவ். டென்டேடிவ் இரண்டோடும் சேராது; தற்காலிகமானது, இன்னும் உறுதியாகாதது என்று பொருள்.

ரிசெப்டிவ் என்றால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது. அப்சார்பன்ட் என்றால் உறிஞ்சுவது. துண்டு தண்ணீரை உறிஞ்சும், பிழிந்தால் விட்டுவிடும். வாங்குவதைப் பற்றிய சொற்கள் இவை. வாங்கியது நிற்குமா என்பது ரிட்டென்டிவின் கேள்வி.

ஏழாம் படி: எங்கே எழுதக் கூடாது

ஒரு மாணவி வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எ ரிட்டென்டிவ் எம்ப்ளாயி' என்று எழுதியிருந்தாள். ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் இருப்பேன் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அலுவலகங்களில் எம்ப்ளாயி ரிட்டென்ஷன் என்று பேசுவதைக் கேட்டு வந்த குழப்பம். அங்கே ஆட்களைப் பிடித்து வைப்பது நிறுவனம். ஊழியர் பிடிபடுபவர். ஆகவே இந்தப் பெயரடை ஊழியருக்குப் பொருந்தாது. லாயல், லாங்-சர்விங் என்று எழுதலாம். நினைவாற்றலைச் சொல்ல நினைத்தால்கூட, ஆளை நேரடியாக ரிட்டென்டிவ் என்பதைவிட 'ஐ ஹேவ் எ ரிட்டென்டிவ் மெமரி' என்று மெமரியைச் சேர்த்து எழுதுவதே தெளிவு.

ஏனல்-ரிட்டென்டிவ் என்று ஒரு கூட்டுச் சொல்லையும் படங்களில் கேட்டிருப்பீர்கள். குழந்தை வளர்ச்சி பற்றி சிக்மண்ட் ஃப்ராய்ட் முன்வைத்த கருத்துகளிலிருந்து பிறந்தது. எல்லாவற்றிலும் அளவுக்கு மீறி ஒழுங்கு பார்ப்பவரை, சின்ன விஷயத்துக்கும் விடாப்பிடியாக நிற்பவரைக் குறை சொல்லும் பேச்சு வழக்கு. உடல் கழிவைச் சுட்டும் சொல் அதில் இருப்பதால் மேலதிகாரியிடமோ, மின்னஞ்சலிலோ வேண்டவே வேண்டாம்.

எட்டாம் படி: இந்தச் சொல்லே மனசில் நிற்க

ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே மறதி வேகமாக நடக்கிறது, பிறகு அந்த வேகம் குறைகிறது என்று கண்டார். ஆகவே இன்று படித்ததை இன்று இரவே ஒரு முறை பாருங்கள். நாளைக்கு, நான்கு நாள் கழித்து, அடுத்த வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரே நாளில் இருபது தடவை எழுதுவதைவிட இது நிற்கும். பார்க்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றை வைத்து ஒரு புது வாக்கியம் சொல்லிப் பாருங்கள்.

பயிற்சிக்கு மூன்று வாக்கியம் தருகிறேன். முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒன்று: 'கல்சட்டியில் சூடு நிற்கும்.' எ ஸ்டோன் பாட் இஸ் ஹீட்-ரிட்டென்டிவ் என்று எழுதியிருந்தால் சரி. இரண்டு: 'எங்கள் தாத்தாவுக்குத் தேதிகள் மறக்கவே மறக்காது.' மை கிராண்ட்ஃபாதர்ஸ் மைண்ட் இஸ் ரிட்டென்டிவ் ஆஃப் டேட்ஸ். 'ஆஃப்' போட்டீர்களா என்று பாருங்கள்.

மூன்றாவது அந்தச் செடி அட்டை. அதைத் தமிழில் எழுத வேண்டும். நாகலூர்ப் பையனுக்கு வீட்டுப்பாடமாக இதைத்தான் கொடுத்திருந்தேன். 'ஈரத்தைத் தக்கவைக்கக்கூடிய, ஆனால் நல்ல வடிகால் வசதியுள்ள மண்' என்று எழுதி வருவான் என்று எதிர்பார்த்தேன், அதற்கே முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை வந்தான். பழைய பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் பேனாவால் எழுதியிருந்தான். அவன் அம்மாயியிடம் மண்ணைக் காட்டிக் கேட்டானாம், அவர் சொன்னதை அப்படியே எழுதினானாம்:

"ஈரம் நிக்கணும், தண்ணி நிக்கக் கூடாது."